ஐந்து ஜோடி உதடுகள், ஒரு நாள் அட்டவணை: ஒரு விருந்தினர் கச்சேரியின் நிகழ்வு ஆய்வு

கைதட்டல் ஓயவில்லை. பித்தளைக் குழுவின் ஐந்து பேரும் நான்கு முறை மேடைக்கு வந்து தலைவணங்கிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடுதான் வந்தார்கள். அழைப்பிதழில் ‘இறுதியில் ஒரு கூடுதல் உருப்படி’ என்று அச்சடித்திருந்தோம். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்றிருந்த நான், முதல் ட்ரம்பெட் வாசித்தவரைக் கேள்வியோடு பார்த்தேன். அவர் பேசவில்லை. மேலுதட்டின் நடுவில் ஒரு விரலை வைத்துக் காட்டினார். அங்கே வட்டமாக ஒரு சிவந்த தடம் இருந்தது.

அன்றைய அட்டவணையைப் போட்டது நான். பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்கு வரும் விருந்தினர் கச்சேரிகளை ஒருங்கிணைப்பது என் வேலை. அதற்கு முன் பியானோ, வயலின், வாய்ப்பாட்டு என்று பல கச்சேரிகள் நடத்தியிருந்தேன். பித்தளைக் கருவிகள் மட்டுமே கொண்ட ஒரு ஐவர் குழு வந்தது அதுதான் முதல் முறை. கேட்டவர்களைப் பொறுத்தவரை கச்சேரி நல்ல கச்சேரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் ஏற்பாடு குழுவுக்கு உதவியதா, அல்லது அவர்கள் எங்கள் ஏற்பாட்டை மீறி நன்றாக வாசித்தார்களா என்று யோசித்தால், இரண்டாவதுதான் உண்மை.

யார் வந்தார்கள், என்ன வாசித்தார்கள்

இரண்டு ட்ரம்பெட், ஒரு ஹார்ன், ஸ்லைடை நீட்டி மடக்கி வாசிக்கும் ஒரு ட்ராம்போன், எல்லாவற்றிலும் பெரியதும் கீழ்ஸ்தாயியில் ஒலிப்பதுமான ஒரு ட்யூபா. நடத்துனர் கிடையாது. மூச்சும் கண்ணும்தான் தாளம் சேர்க்கும். இன்று பார்க்கிற வடிவில் இந்த ஐவர் குழுவுக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. நியூயார்க் பிராஸ் குயின்டெட் (பித்தளை ஐவர் குழு) தொடங்கியது 1954இல். 1960இல் வந்த அமெரிக்கன் பிராஸ் குயின்டெட்டில் ட்யூபாவுக்குப் பதில் பாஸ் ட்ராம்போன், அதாவது கீழ்ஸ்தாயிக்கான ட்ராம்போன். டொராண்டோவில் கனடியன் பிராஸ் 1970இல் பிறந்தது. இந்த வகை இசைக்குப் பல்கலைக்கழகங்களும் இசைக்கல்லூரிகளும் ஒரு தாய்வீடு மாதிரி. அமெரிக்கன் பிராஸ் குயின்டெட் 1987 முதல் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைக்கல்லூரியில் உறைவிடக் குழுவாக, அதாவது அங்கேயே நிலைத்து வாசித்துக் கற்பிக்கும் குழுவாக இருக்கிறது. ஆகவே இப்படி ஒரு குழுவுக்குப் பல்கலைக்கழக அரங்கம் புதிதல்ல. எங்களுக்குத்தான் அவர்கள் புதிது.

நான்கு உருப்படிகள். ஜியோவானி கப்ரியேலி 1597இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து ‘சொனாட்டா பியான் எ ஃபோர்ட்டே’. விக்டர் எவால்டின் முதல் குயின்டெட் (ஐவருக்கான உருப்படியையும் இப்படித்தான் சொல்வார்கள்). ஹார்ன், ட்ரம்பெட், ட்ராம்போன் மூன்றுக்கும் பூலாங்க் 1922இல் எழுதிய சொனாட்டா. மால்கம் ஆர்னல்ட் 1961இல் எழுதிய குயின்டெட். எவால்ட் சிவில் எஞ்சினியரிங் பேராசிரியர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பாடம் நடத்தியவர். ஓய்வு நேரத்தில் செல்லோ வாசித்தார், பித்தளைக் குழுவுக்கு எழுதினார். அறிமுக உரையில் இதைச் சொன்னதும் மேல்வரிசையில் உட்கார்ந்திருந்த பொறியியல் மாணவர்களிடமிருந்து ஒரு விசில் வந்தது. அன்று மாலை நான் சரியாகச் செய்த சில காரியங்களில் அந்த அறிமுகமும் ஒன்று.

குழு அனுப்பிய வரிசையில் கப்ரியேலி கடைசி. அதில் எட்டுக் குரல்கள் இருப்பதால் எங்கள் மாணவர்கள் மூவரும் சேர்ந்து வாசிப்பதாக ஏற்பாடு. நான் அதை முதலுக்கு மாற்றினேன். துறையின் முக்கிய விருந்தினர்கள் பாதியில் கிளம்பிவிடுவார்கள், மாணவர்கள் வாசிப்பதை அவர்கள் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கவலை. குழுவிடம் கேட்டேன், சரி என்றார்கள். விருந்தாளிகள் இல்லையென்று சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உதட்டுக் கணக்கு

பகல் ஒன்றரை முதல் மூன்றரை வரை மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்பு. நான்கு முதல் ஐந்தரை வரை ஒத்திகை. ஆறரைக்குக் கச்சேரி. தாளில் பார்த்தால் குறை சொல்ல முடியாத நாள். பியானோக் கலைஞர் ஒருவருக்கு இதே அட்டவணையைப் போட்டு நன்றாகவே நடந்திருக்கிறது.

பித்தளைக் கருவியில் ஒலியை உண்டாக்குவது உதடு. கருவி அதைத் தாங்கிப் பெருக்குகிறது. ட்ரம்பெட்டின் ஊதுவாய்க் கிண்ணம் ஏறக்குறைய 16, 17 மில்லிமீட்டர் அகலம்தான். அந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கும் உதட்டுத் தசை, வாசிக்கும் ஸ்வரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்பத் திறந்து மூடுகிறது. மேல் பகுதியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிற்கும்போது அது வினாடிக்கு 932 முறையாகக்கூட இருக்கும். கூடவே உலோக விளிம்பு வெளியிலிருந்து அழுத்துகிறது. அழுத்தம் கூடினால் ரத்த ஓட்டம் குறையும், தசை வீங்கும், அதிர்வு மந்தமாகும். இறக்கி வைத்தால்தான் மீளும். வயலின்காரரின் தோளும் கையும் சோர்ந்தாலும் கம்பி சோர்வதில்லை. இங்கே கம்பியே சோர்ந்துபோகிறது.

இன்னொன்றும் உண்டு. வால்வுகள் குழாயின் நீளத்தை மாற்றும், அவ்வளவுதான். ஒரே நீளத்தில் பல ஸ்வரங்கள் வரிசையாகக் கிடக்கும். அவற்றில் எது ஒலிக்க வேண்டும் என்பதை உதடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே அவை தள்ளித் தள்ளி இருக்கின்றன. மேலே போகப்போக நெருங்கிவிடுகின்றன. எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் இடையே ஒரு முழு ஸ்வர இடைவெளிதான். உதடு களைத்திருந்தால் மேலே உள்ளதைக் குறிவைத்து ஊதி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்புவார்கள். அதைத்தான் நாம் ‘பிசிறடித்தது’ என்கிறோம். ஹார்ன் வாசிப்பவர் பெரும்பாலும் இந்த நெருக்கமான பகுதியிலேயே வாழ்கிறவர். ஹார்னில் ஒரு ஸ்வரம் தவறினால் நான் இப்போதெல்லாம் முகம் சுளிப்பதில்லை.

பயிற்சி வகுப்பில் நான் பின்வரிசையில் இருந்தேன். மாணவர்களில் இரண்டு பேர் ட்ரம்பெட். முதல் மாணவி ஒரு மேல்ஸ்தாயி வரியில் திணறியபோது விருந்தினர் தானே வாசித்துக் காட்டினார். இன்னொரு முறை காட்டச் சொன்னார்கள். அப்புறம் மெதுவாக. அப்புறம் யாரோ வீடியோ எடுக்க மறந்துவிட்டதாகச் சொல்ல, மறுபடியும். எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி, எனக்கும்தான். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் ஊதியது மொத்தம் இருபது நிமிடம் இருக்கலாம். ஆனால் அந்த இருபதும் மேல்ஸ்தாயி. ட்யூபா வாசித்தவர் விவரமானவர். மூச்சுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, கருவியை மடியில் வைத்தபடியே வகுப்பை முடித்துவிட்டார்.

அரங்கம் சொன்ன பொய்கள்

எங்கள் மேடையின் பின்புறம் கனமான வெல்வெட் திரை. அதன்மேல் துறையின் பெயர் எழுதிய பதாகை. ஒத்திகையில் ஐந்து நிமிடம் வாசித்ததும் ஹார்ன்காரர் எழுந்து போய்த் திரையைக் கையால் பிடித்துப் பார்த்தார். மற்ற நால்வரின் கருவி வாய்கள், அதாவது ஒலி வெளிவரும் அகன்ற முனைகள், முன்னாலோ மேலேயோ பார்க்கும். ஹார்னின் வாய் பின்னால் பார்க்கும், போதாக்குறைக்கு உள்ளே கை வேறு இருக்கும். அதன் ஒலி பின்சுவரில் பட்டுத் திரும்பித்தான் கேட்பவரை அடைகிறது. எங்கள் திரை அதை அப்படியே குடித்துக்கொண்டிருந்தது. பத்தாவது வரிசையில் போய் உட்கார்ந்து கேட்டேன். நால்வர் குழுவாகத்தான் கேட்டது.

திரையை ஏற்றிவிடலாமே என்றார்கள். பதாகையைப் பிரிக்க அனுமதி வாங்க வேண்டும், அனுமதி தர வேண்டியவர் ஊரில் இல்லை. கடைசியில் நாடகக் குழுவின் அறையிலிருந்து இரண்டு பிளைவுட் தட்டிகளைத் தூக்கி வந்து ஹார்னுக்குப் பின்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி நிறுத்தினோம். ஒன்றில் பழைய நாடகத்தின் செங்கல் சுவர் வரைந்திருந்தது; அதைத் திருப்பி வைத்தோம். மறுபடியும் பத்தாவது வரிசைக்குப் போனேன். ஐந்தாவது ஆள் வந்துவிட்டார். பித்தளைக் குழு வரும் எந்த அரங்கத்துக்கும் நான் இப்போது முதலில் சொல்வது இந்தத் தட்டிகளைப் பற்றித்தான். செலவே இல்லாத வைத்தியம்.

ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் நேர் எதிர். அவற்றின் கூர்மையான மேலொலிகள் கருவி வாய் பார்க்கும் திசையிலேயே பாய்கின்றன. முதல் மூன்று வரிசைக்கு அது ஒலி இல்லை, அடி. இரண்டு ட்ரம்பெட்டையும் ஒருவரையொருவர் பார்க்கும்படி உள்பக்கம் திருப்பி உட்கார வைத்தார்கள். இசைத்தாள் தாங்கிகளை இடுப்பளவுக்கு இறக்கி, கிட்டத்தட்டப் படுக்கையாக வைத்துக்கொண்டார்கள். இது அவர்களுக்குப் பழக்கம். நான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தது சூடு. ஒத்திகையின்போது ஏசி முழு வேகத்தில் ஓடி, சுவரில் இருந்த காட்டியில் 19 டிகிரி. கச்சேரியின் நடுவில் அதே காட்டி 23 காட்டியது. ஆள் நிறைந்தால் அரங்கம் சூடாகும், இதில் என்ன என்று கேட்கலாம். காற்றில் ஒலியின் வேகம் டிகிரிக்கு வினாடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது. குழாயின் நீளம் அதேதான், வேகம் கூடினால் சுருதி ஏறும். ஒரு அரை ஸ்வரத்தை 100 செண்ட்டாகப் பிரித்தால், ஒரு டிகிரிக்கு ஏறுவது சுமார் 3 செண்ட். நான்கு டிகிரிக்கு 12. கருவிக்குள் வாசிப்பவரின் மூச்சுச் சூடு ஏற்கெனவே இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். எல்லாரும் ஒன்றாக ஏறினால் பிரச்சினையே இல்லை. ஆனால் ஒன்றாக ஏற மாட்டார்கள். ட்ரம்பெட்டின் குழாய் ஒன்றரை மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. நாலு மூச்சில் சூடாகிவிடும். ட்யூபாவுக்கு ஐந்து மீட்டரை ஒட்டிய குழாய், அதுவும் அகலம். சும்மா இருந்தால் ஆறிப்போகும், மறுபடி சூடாக நேரம் எடுக்கும்.

தரை விஷயத்தை ஒரு வரியில் முடிக்கிறேன். கருவியிலிருந்து சொட்டுவது எச்சில் இல்லை, பெரும்பாலும் மூச்சின் ஈரம் குளிர்ந்து நீரானது. ஆளுக்கொரு துண்டு போட்டால் மரத்தரையும் பிழைக்கும், அரங்கப் பொறுப்பாளரின் மனசும் அமைதியாகும்.

பால்கனியில் நால்வர்

கப்ரியேலி வெனிஸின் புனித மாற்கு தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். எதிரெதிர் மாடங்களில் இரண்டு அணிகளை நிறுத்தி ஒன்றுக்கொன்று பதில் சொல்ல வைப்பது அங்கே வளர்ந்த பாணி. இந்த சொனாட்டாவில் எங்கே மெதுவாக, எங்கே உரக்க என்பதை அவரே தாளில் குறித்தார். எந்தக் கருவி வாசிக்க வேண்டும் என்றும் எழுதினார். அந்தக் காலத்துக்கு அது அபூர்வம். ஓர் அணி தனியாக வரும்போது மெதுவாக, இரண்டும் சேரும்போது உரக்க. இவ்வளவு எளிய யோசனை.

மேடையில் விருந்தினர் நால்வர். பால்கனியில் ஹார்ன்காரரோடு எங்கள் மாணவர்கள் மூவர், மூவரும் ட்ராம்போன். இடையில் 24 மீட்டர். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 70 மில்லிவினாடி ஆகும். காதால் கேட்டுச் சேர்ந்தால் பால்கனி எப்போதும் பின்தங்கும். அதைக் கேட்டு மேடை காத்திருந்தால் எல்லாமே இழுபடும். ஒத்திகையில் முதல் முறை அப்படித்தான் ஆனது. ஆறாவது வரிசையில் இருந்த துறைத் தலைவர்கூட முகம் சுளித்தார். “கேட்காதீங்க, பாருங்க” என்றார் ட்ராம்போன் விருந்தினர் கீழேயிருந்து. தன் தலையசைப்பைப் பார்த்து, கீழிருந்து வரும் ஒலிக்கு ஒரு நொடித்துளி முந்தி நுழையச் சொன்னார். மாணவர்களுக்கு அது தப்பு செய்வது போல இருந்திருக்கும். கீழே எங்களுக்குச் சரியாக விழுந்தது.

மாணவர்களில் ஒருவர் தாங்கியில் ஃபோனைச் செருகி, சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து வைத்திருந்தார். ஊசி நடுவில் நிற்கும்படி அச்சுப் பிசகாமல் வாசித்தார். ஆனாலும் பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் நீண்ட மேஜர் கூட்டு ஸ்வரங்களில் ஏதோ அரம் போட்ட மாதிரி ஓர் உரசல். ஹார்ன்காரர் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். கீபோர்டின் காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 400 செண்ட்; இயற்கையாக இழையும் அந்தர காந்தாரம் 386. அந்த 14ஐ இறக்கினால் உரசல் நின்று கூட்டு படிந்துவிடும். ஆப்பின் ஊசி கீபோர்டுக்குப் பிறந்தது. ஃபோன் கவிழ்ந்தபின் அதே மாணவர் ஸ்லைடைக் கொஞ்சமே கொஞ்சம் வெளியே தள்ளினார். உரசல் காணாமல் போனதும் அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மாலை

கப்ரியேலி நன்றாகத் தொடங்கி நன்றாக முடிந்தது. முக்கிய விருந்தினர்கள் கைதட்டிவிட்டு, எதிர்பார்த்தபடி கிளம்பினார்கள். அப்போதுதான் நான் செய்த வரிசை மாற்றத்தின் முதல் விளைவு தெரிந்தது. ஹார்ன்காரர் பால்கனியிலிருந்து படியிறங்கி, கட்டடத்தைச் சுற்றி, பின்வாசல் வழியாக மேடைக்கு வர வேண்டும். ஒத்திகையில் இதை யாரும் நடந்து பார்க்கவில்லை. எவால்டின் குயின்டெட் ட்யூபா தனியாகத் தொடங்குவது. ட்யூபாக்காரர் கருவியை உதட்டருகே வைத்தபடி, ஒரு காலி நாற்காலியையும் முன்னூறு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம். மூச்சிரைக்க வந்து உட்கார்ந்த ஹார்ன்காரருக்குத் தனியாக ஒரு கைதட்டல்.

எவால்டின் கடைசிப் பகுதியில் முதல் ட்ரம்பெட்டின் மேல் ஸ்வரம் ஒன்று தடவியது. தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். நான் கவனித்தது வேறு: ஓய்வு வரும் ஒவ்வோர் இடத்திலும் அவர் கருவியை மடியில் இறக்கி, குதிரை செருமுவதுபோல உதட்டைத் தளர்வாகப் படபடக்க விட்டுக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் ட்ராம்போன் விருந்தினர் என்னிடம் வந்தார். பூலாங்க் சொனாட்டாவை இரண்டாம் ட்ரம்பெட் வாசிப்பார், அறிவிக்க வேண்டாம் என்றார். இருவருக்கும் எல்லா உருப்படியும் பாடம்; வழியில் மாற்றிக்கொள்வது அவர்களுக்குச் சகஜம். முதல் ட்ரம்பெட்டுக்கு இடைவேளையோடு இன்னும் எட்டொன்பது நிமிட ஓய்வு கிடைத்தது. பார்வையாளர்கள் எதுவும் நினைக்கவில்லை. மூவருக்கான உருப்படியில் யார் வருகிறார் என்று யாருக்குத் தெரியும்? அச்சிட்ட தாளில் மட்டும் முதல் ட்ரம்பெட்டின் பெயரே இருந்தது.

பூலாங்க் நடந்துகொண்டிருந்தபோது மேடைக்குப் பின்னால் ட்யூபாக்காரர் இருட்டில் நின்று, சத்தமே வராமல் கருவிக்குள் சூடான மூச்சை ஊதிக்கொண்டிருந்தார். ஏதோ அடுப்பை ஊதுகிறவர் போல. அடுத்து வரும் ஆர்னல்ட் காத்திருந்து சூடேற விடும் இசையில்லை; முதல் தாளத்திலேயே வேகமெடுக்கும். ஆர்னல்ட் தானே லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் முதன்மை ட்ரம்பெட்டாக இருந்தவர். எது முடியும், எது கிட்டத்தட்ட முடியாது என்று தெரிந்தே எழுதியவர். இரண்டு ட்ரம்பெட்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. நடுப்பகுதியின் மெதுவான இசையில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசிப் பகுதி முடியப் பத்து வினாடி இருக்கும்போது மேலே ஒரு ஸ்வரம் பிசிறடித்தது. அடுத்த ஸ்வரத்துக்குள் அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார். ஆனால் அதற்குமேல் அந்த உதட்டில் எதுவும் மிச்சமில்லை.

பிறகு மாற்றியவை

கூடுதல் உருப்படி விடுபட்டதற்கு மறுநாள் எனக்குக் கொஞ்சம் பாட்டு விழுந்தது. அதை வாங்கிக்கொண்டு, அட்டவணையைத் திருத்தினேன். பித்தளைக் குழு என்றால் பயிற்சி வகுப்பு கச்சேரிக்கு மறுநாள் காலை. முந்தின நாளும் வைக்கலாம், ஆனால் மறுநாள்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. முந்தின மாலை கேட்டதைப் பற்றி மாணவர்கள் கேள்வி கேட்கலாம். ஒத்திகை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் அரங்கத்தைக் கேட்கத்தான் நேரம், உருப்படிகளை முழுதாக ஓட்ட அல்ல. ஏசியைக் கச்சேரி வெப்பத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே வைத்துவிடுகிறோம். உருப்படி வரிசையில் நாங்கள் கை வைப்பதில்லை. கூடுதல் உருப்படியைப் பற்றி அழைப்பிதழில் ஒரு வார்த்தை வராது. பதாகை இப்போது வாசலில் தொங்குகிறது.

இந்த ஆய்வை எழுதுவதற்காக ஒலிப்பதிவை மறுபடி கேட்டேன். பால்கனியில் வாசித்த மாணவர்களில் ஒருவரும் என்னோடு உட்கார்ந்திருந்தார், அதே ஃபோன்காரர். ஆர்னல்டின் கடைசிப் பத்து வினாடியை மூன்று முறை போட்டுக் காட்டினேன். “எங்கே?” என்றார். பிசிறு அவர் காதில் விழவே இல்லை. பதிவைப் பின்னால் தள்ளி, கப்ரியேலியில் ஓர் இடத்தில் நிறுத்தி, “இங்கே நான் லேட் சார், கேட்குதா?” என்றார். எனக்குக் கேட்கவில்லை.